ரதத்து லைட்டுக்கு கரண்ட்ட எங்க அளக்குறது, மீறினா என்ன பண்றது: ஷண்ட்டா, ஹாலா, ஹிக்கப்பா?

மலேசியா கெடால, பாடாங் செராய் பக்கத்துல எங்க தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு இந்த வருஷம் ரதத்து பின்னாடி ஜெனரேட்டர் கட்டக் கூடாதுன்னு கமிட்டில முடிவு பண்ணிட்டாங்க. அந்த சத்தத்துல நாதஸ்வரம் கேக்கல, புகை வேற பின்னாடி வர்ற காவடிக்காரங்க மூஞ்சில அடிக்குது. தலைவர் மாமா வீட்டுக்கே வந்து "பேட்டரில ஓட்டிடுலா தம்பி, நீதான் கூலிம் ஃபேக்டரில வேல செய்றியே"ன்னுட்டு போய்ட்டாரு. ஃபேக்டரில நான் பாக்குற வேலைக்கும் இதுக்கும் சம்மந்தமே இல்ல, அத யார் கேக்குறா.

சாமான் என்னன்னா ரெண்டு 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி சீரீஸ்ல, அதாவது 24 வோல்ட், சார்ஜர்லேர்ந்து கழட்டுன உடனே 27 வரைக்கும் இருக்கும், தீரப் போறப்ப 22க்கு இறங்கும். அதுலேர்ந்து 12 வோல்ட், 10 ஆம்ப்ஸ் எடுக்குற ஒரு பக் கன்வெர்ட்டர், அதாவது வோல்டேஜ எறக்கிக் குடுக்குற சர்க்யூட். சுவிட்ச் வேகம் 200 கிலோ ஹெர்ட்ஸ், 10 மைக்ரோ ஹென்றி இண்டக்டர் (கம்பிச் சுருள்), ரிப்பிள், அதாவது கரண்ட்டோட ஏத்த எறக்கம், சுமார் 3 ஆம்ப்ஸ். லோடு பூரா எல்இடி ஸ்ட்ரிப், கூடவே சாமிக்குப் பின்னாடி சுத்துற சக்கரத்துக்கு பழைய காடி வைப்பர் மோட்டர் ஒண்ணு. இந்த மோட்டர்தான் பின்னாடி எல்லா தலைவலிக்கும் காரணம், அத அப்புறம் சொல்றேன்.

போர்டு டிசைன்ல மத்ததெல்லாம் ஓரளவுக்கு புக்கப் பாத்து பண்ணிடலாம். ஆனா கரண்ட்ட எங்க அளக்குறது, எதால அளக்குறது, அளவு மீறினா கன்வெர்ட்டர் என்ன பண்ணணும்னு வர்றப்பதான் ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. நிறைய பேர் முதல் ரெண்டு கேள்வியோட நிறுத்திடுறாங்க, எந்த சென்சார் துல்லியம்னு மண்டைய ஒடச்சிக்குவாங்க. என்ன கேட்டா மூணாவது கேள்விக்கு முதல்ல பதில் எழுதிட்டு அப்புறம் சென்சார் வாங்கப் போகணும். நான் போன தடவ தலைகீழா பண்ணி வாங்கிக் கட்டிக்கிட்டேன், அதயே முதல்ல சொல்லிடுறேன்.

போன வருஷம் சின்னதா ஒரு ட்ரையல் போட்டோம், ரதத்துல பாதி லைட்டுக்கு மட்டும். அப்ப ஷண்ட்ட, அதாவது கரண்ட்ட அளக்குறதுக்குன்னு வழில வைக்கிற சின்ன ரெசிஸ்டர, பேட்டரி நெகட்டிவ் பக்கம் வச்சேன், கிரவுண்டு பக்கம் வச்சா ஆம்ப்ளிஃபயர் ஈசி, சாதா ஆப்ஆம்ப் போதும், மலிவு. பெஞ்ச்ல ஜோரா வேல செஞ்சது, ஷார்ட் பண்ணா டக்குன்னு லிமிட் ஆச்சு. ரதத்துல ஏத்துனப்ப வெல்டிங் பண்ற அண்ணன் பேட்டரி நெகட்டிவ்வ ரதத்து இரும்பு சட்டத்துல ஒரு போல்ட் போட்டு முறுக்கிட்டாரு, லைட் கட்டுன பையன் லைட்டு நெகட்டிவ்வயும் அதே சட்டத்துல வேற எடத்துல கட்டிட்டான். காடில எல்லாம் அப்படித்தானே, பாடி எர்த். ஆனா இப்ப திரும்பி வர்ற கரண்ட்டு என் ஷண்ட் வழியா வரவே இல்ல, சட்டம் வழியா நேரா பேட்டரிக்கு போய்டுச்சு. என் கன்வெர்ட்டருக்கு கரண்ட்டே ஓடாத மாதிரிதான் தெரியுது. சந்து திரும்புறப்ப ஒரு ஒயர் நசுங்கி ஷார்ட் ஆச்சு, லிமிட் வரல, கரண்ட்ட ஆன் ஆஃப் பண்ற சுவிட்ச்சான மாஸ்ஃபெட் வெந்து உள்ளயே ஷார்ட் ஆய்டுச்சு. பக் கன்வெர்ட்டர்ல மேல் மாஸ்ஃபெட் ஷார்ட் ஆனா என்ன ஆகும்? 24 வோல்ட் அப்படியே 12 வோல்ட் லைட்டுக்கு போகும். ஒரு நிமிஷம் அம்மன் மூஞ்சி பகல் மாதிரி ஜொலிச்சிச்சு, ஜனங்க கையெடுத்துக் கும்பிட்டாங்க, அடுத்த நிமிஷம் கும்மிருட்டு. கிழவிங்க சிலபேரு அத இன்னிக்கு வரைக்கும் அதிசயம்னுதான் சொல்றாங்க, நானும் மறுக்கல.

அதனால லோ சைடு ஷண்ட், அதாவது நெகட்டிவ் பக்கம் வைக்கிறது, இரும்பு பாடியோட தொடர்பு வர்ற எதுக்கும் வேணாம். ரதம், லோரி, மோட்டோ எதுவா இருந்தாலும் சரி. பிளாஸ்டிக் டப்பாக்குள்ள தனியா ஓடுற சாமானுக்குன்னா தாராளமா வச்சிக்கலாம், அது கெட்ட முறை இல்ல, எடம் தப்பு அவ்ளோதான்.

அடுத்தது பாசிட்டிவ் பக்கம் ஷண்ட். இதுதான் இந்த தடவ எடுத்தேன், ஏன்னு சொல்றதுக்கு முன்னாடி மத்ததையும் பாத்துடலாம்.

மாஸ்ஃபெட்டோட சொந்த ரெசிஸ்டன்ஸயே ஷண்ட்டா பாவிக்கிறது ஒரு முறை. காசு செலவே இல்ல, எக்ஸ்ட்ரா நஷ்டமும் இல்ல, கேக்க நல்லாத்தான் இருக்கு. நம்ம பட்டறைல எப்பவும் கெடக்குற ஐஆர்எஃப்இசட்44என்-ங்குற மாஸ்ஃபெட்ட எடுத்துக்குங்க, 25 டிகிரில அதிகபட்சம் 17.5 மில்லி ஓம்னு போட்டிருக்கும், 10 ஆம்ப்ஸுக்கு 175 மில்லி வோல்ட், நல்ல பெரிய சிக்னல். ஆனா அது அதிகபட்சம், கைல இருக்குற பீஸ் அதவிட கொறச்சலா இருக்கும், ஒவ்வொரு பீஸும் வேற. அதவிட மோசம் சூடு. நல்லா சூடானா ரெசிஸ்டன்ஸ் ஒன்றரை மடங்குக்கு மேல போகும். சாயங்காலம் கோயில்ல வச்சு 15 ஆம்ப்ஸுக்கு செட் பண்ண லிமிட், மூணு மணி நேரம் ஊர்வலம் போன பிறகு 10 ஆம்ப்ஸ்லயே வெட்டும். அதாவது ஒரு கோளாறும் இல்லாமயே லைட் போகும். மாஸ்ஃபெட்ட காப்பாத்துறதுக்கு மட்டும் ஒரு முரட்டு லிமிட் வேணும்னா இது ஓகே, ஒரு விதத்துல சூடாக ஆக தானே லிமிட் எறங்குறது நல்லதுன்னு கூட சொல்லலாம். ஆனா குறிப்பிட்ட ஆம்ப்ஸ்ல நிக்கணும்னா இதுக்கிட்ட கேக்காதீங்க.

இண்டக்டரோட செம்புக் கம்பி ரெசிஸ்டன்ஸ அளக்குறதும் இதே குடும்பம்தான். இண்டக்டருக்கு இணையா ஒரு ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் போட்டு, ரெண்டோட டைம் கான்ஸ்டன்ட்ட இண்டக்டரோடதுக்கு சமமா வச்சா கெப்பாசிட்டர் மேல வர்ற வோல்டேஜ் அப்படியே கரண்ட்டோட வடிவத்துல இருக்கும், அழகான ஐடியா. 10 மைக்ரோ ஹென்றி, 5 மில்லி ஓம் கம்பின்னா 2 மில்லி செகண்ட், 100 நானோ ஃபாரடுக்கு 20 கிலோ ஓம். கம்ப்யூட்டர் மதர்போர்டுல ப்ராசசருக்கு கரண்ட் குடுக்குற எடத்துல இது ரொம்ப சகஜம். ஆனா செம்பு ஒரு டிகிரிக்கு 0.39 சதவீதம் ஏறும், 60 டிகிரி சூடு ஏறினா 23 சதவீதம், நீங்க 15ன்னு வச்சது 12 ஆய்டும். டெம்பரேச்சர் சென்சார் போட்டு சரிக்கட்டலாம், பெரிய கம்பெனிக்காரன் பண்ணுவான். நான் பாவிக்கப் போற இண்டக்டர் பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளைலேர்ந்து புடுங்குன மஞ்சள் வெள்ளை இரும்புத் தூள் வளையம், அதுல நானே சுத்துனது, அது கரண்ட் ஏற ஏற ஹென்றியே கொறஞ்சிக்கிட்டு வரும். அப்ப அந்த 2 மில்லி செகண்ட் கணக்கே ஆட்டம் காணும், உச்சக் கரண்ட்ட கம்மியா காட்டும். உச்சத்தப் பாக்கத்தானே சென்சாரே வைக்கிறோம்.

கரண்ட்ட சுத்துக் கணக்குல கொறச்சிக் காட்டுற கரண்ட் ட்ரான்ஸ்ஃபார்மர் பத்தி சீக்கிரம் சொல்லிடறேன். 230 வோல்ட்லேர்ந்து நேரா ஓடுற பெரிய சப்ளைக்கு அது ராஜா. யூசி3842 மாதிரி கண்ட்ரோலர் ஐசி 1 வோல்ட் வந்தா வெட்டும், 10 ஆம்ப்ஸுக்கு 1 வோல்ட் வேணும்னா ஷண்ட் 0.1 ஓம், அதுல ஆன் ஆகியிருக்குற நேரத்துல 10 வாட் எரியும். அதே 100 சுத்து ட்ரான்ஸ்ஃபார்மர்னா 100 மில்லி ஆம்ப்ஸ், 10 ஓம் போட்டா அதே 1 வோல்ட், எரியுறது 0.1 வாட். ஆனா அது டிசி பாக்காது, ஒவ்வொரு சைக்கிள்லயும் கோர்ல ஏறுன காந்தம் எறங்கி ரீசெட் ஆக நேரம் வேணும், பேட்டரி எறங்க எறங்க டியூட்டி (ஒரு சைக்கிள்ல மாஸ்ஃபெட் ஆன்ல இருக்குற பங்கு) பாதிக்கு மேல போற எனக்கு அந்த நேரம் சுருங்கிக்கிட்டே வரும். வேணாம்னு விட்டுட்டேன்.

இப்ப ஹால் சென்சார், கரண்ட்ட அதோட காந்தப்புலத்த வச்சி அளக்குறது. என் அக்கா மகன் பாலிடெக்னிக்ல படிக்கிறான், அவன் வந்ததுமே "மாமா ஏசிஎஸ்712 மாட்டிடலாம், ஷாப்பீல மலிவா கெடைக்குது, ஒயர் ரெண்டு முறுக்கினா முடிஞ்சது"ன்னான். 1879ல எட்வின் ஹால் கண்டுபிடிச்ச சமாச்சாரம் இன்னிக்கு கட்டைவிரல் நகம் அளவு சிப்ல வருது, உண்மையிலயே நல்ல சாமான்தான். 30 ஆம்ப்ஸ் மாடல் ஒரு ஆம்ப்ஸுக்கு 66 மில்லி வோல்ட் குடுக்கும், உள்ள ரெசிஸ்டன்ஸ் 1.2 மில்லி ஓம்தான், ஐசொலேஷனும் இருக்கு, போன வருஷத்து சட்டம் கதை இதுல நடக்காது. பையன் சொன்னதுல தப்பில்ல. ஆனா வேகம்? 80 கிலோ ஹெர்ட்ஸ் பேண்ட்விட்த், ரைஸ் டைம் 5 மைக்ரோ செகண்ட். என் கன்வெர்ட்டரோட ஒரு சைக்கிளே 5 மைக்ரோ செகண்ட். அவுட்புட் ஷார்ட் ஆனா 27 வோல்ட் முழுசா இண்டக்டர் மேல விழும், மாஸ்ஃபெட் ஆன்ல இருக்குற வரைக்கும் ஒரு மைக்ரோ செகண்டுக்கு 2.7 ஆம்ப்ஸ் ஏறும், 5 மைக்ரோ செகண்டுக்கு கணக்கு போட்டா 13.5 ஆம்ப்ஸ். சென்சார் கண்ணத் தெறக்குறதுக்குள்ள கரண்ட் ரெண்டு மடங்கு தாண்டிருக்கும். பேப்பர்ல எழுதிக் காட்டுனேன், பையன் கொஞ்ச நேரம் மொறச்சிட்டு "அப்ப பேட்டரில எவ்ளோ மிச்சம்னு காட்டுறதுக்கு வச்சிக்கலாமா மாமா"ன்னான், அதுக்கு வச்சிக்கலாம், வச்சிருக்கோம். மெதுவா அளந்து திரைல காட்டுறதுக்கு ஹால், சண்டை போட அது ஆள் இல்ல. ஒண்ணு மட்டும், அத இண்டக்டர் பக்கத்துல வைக்காதீங்க, அங்க இருக்குற காந்தப்புலத்தயும் சேத்து கரண்ட்டுன்னு படிச்சி வைக்கும்.

ஆக மிஞ்சுனது பாசிட்டிவ் பக்கம் ஷண்ட். 5 மில்லி ஓம், 2512 சைஸ், உலோகப் பட்டை டைப். 10 ஆம்ப்ஸுக்கு 50 மில்லி வோல்ட், அர வாட் நஷ்டம், 120 வாட் சாமானுக்கு அது ஒண்ணுமே இல்ல. இந்த மாதிரி ரெசிஸ்டருக்கு பாவிக்கிற மாங்கனின் கலவை 1892ல எட்வர்ட் வெஸ்டன் கண்டுபிடிச்சது, செம்போட மாங்கனீசும் நிக்கலும் கலந்தது, சூட்டுக்கு அசையவே அசையாது. அந்த வெள்ளைக் கல்லு மாதிரி சிமெண்ட் ரெசிஸ்டர் இருக்குல, தயவு செஞ்சி அத இங்க போடாதீங்க, உள்ள கம்பிச் சுத்து, இண்டக்டன்ஸ் இருக்கும். 20 நானோ ஹென்றி இருந்தாலே, இண்டக்டர் கரண்ட் எறங்குற வேகத்துக்கு 24 மில்லி வோல்ட் பொய்யா வரும், உண்மையான சிக்னலே 50தான்.

எங்க வைக்கிறதுன்னா இண்டக்டருக்கு அப்புறம், அவுட்புட் கெப்பாசிட்டருக்கு முன்னாடி. அங்க வச்சா கரண்ட் விட்டு விட்டு வராது, மாஸ்ஃபெட் ஆஃப்ல இருக்குறப்ப கரண்ட்டுக்கு வழி விடுற டையோடுலேர்ந்து, மாஸ்ஃபெட் ஆன் ஆகுறப்ப ஊசி மாதிரி அடிக்குற கரண்ட்டும் அவ்வளவா வராது, கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகுற கரண்ட்டும் கணக்குல வரும். கெப்பாசிட்டருக்கு அப்புறம் வச்சா லோடு கரண்ட் மட்டும்தான் தெரியும், உள்ள நடக்குற கூத்து தெரியாது. ஷண்ட்லேர்ந்து சிக்னல் எடுக்குற ட்ராக் ரெண்டும் ரெசிஸ்டர் பேடுக்கு உள்பக்கத்துலேர்ந்து தனியா வரணும். சாதாரண போர்டு செம்பு ஒரு சதுரத்துக்கு அர மில்லி ஓம், ரெண்டு சதுரம் சேந்துடுச்சின்னா 1 மில்லி ஓம், 5க்கு 1 சேந்தா 20 சதவீதம் அவுட், அதுவும் செம்பு, சூட்டுக்கு நகரும். காசு குடுத்து மாங்கனின் வாங்கிட்டு பக்கத்துல செம்ப சேத்துக்குறது, பிரியாணில பழைய சோறு கலந்த மாதிரி.

ஷண்ட்லேர்ந்து ரெண்டு வழி பிரியுது. ஒண்ணு நேரா கண்ட்ரோலரோட கம்பாரேட்டருக்கு, ஒவ்வொரு சைக்கிளும் 15 ஆம்ப்ஸ், அதாவது 75 மில்லி வோல்ட், தாண்டினா அந்த சைக்கிள வெட்டிடும். இன்னொண்ணு ஐஎன்ஏ240ங்குற கரண்ட் ஆம்ப்ளிஃபயருக்கு, மைனஸ் 4லேர்ந்து 80 வோல்ட் வரைக்கும் காமன் மோடு (ரெண்டு காலுக்கும் பொதுவா வர்ற வோல்டேஜ்) தாங்கும், கெயின் (பெருக்கம்) 20, 12 ஆம்ப்ஸுக்கு 1.2 வோல்ட் வெளிய வரும், அது சராசரி கரண்ட்ட பாத்துக்கும். வேகமானது மாஸ்ஃபெட்டுக்கு, மெதுவானது லோடுக்கு.

பேட்டரி 22க்கு எறங்குறப்ப டியூட்டி 0.55 கிட்ட வருது. பீக் கரண்ட் மோடுல, அதாவது கரண்ட் உச்சத்தத் தொட்டதும் சைக்கிள வெட்டுற முறைல, பாதிய தாண்டினா ஒரு சைக்கிள் பெருசு ஒரு சைக்கிள் சிறுசுன்னு தள்ளாட ஆரம்பிக்கும், சில சமயம் இண்டக்டர் கொசு மாதிரி ங்ஙொய்னு கத்தவும் செய்யும். ஸ்லோப் காம்பென்சேஷன், அதாவது சைக்கிள் ஓட ஓட லிமிட்ட கொஞ்சம் கொஞ்சமா எறக்குறது, போடணும், குறைஞ்சபட்சம் எறங்குற சரிவுல பாதி, எனக்கு எறங்குற சரிவு 1.2 ஆம்ப்ஸ், அதனால மைக்ரோ செகண்டுக்கு 0.6. ஆனா அத போட்டா டியூட்டி ஏற ஏற உண்மையான பீக் லிமிட் எறங்கும், அதனால பேட்டரி தீர்ற நேரத்துலதான் லிமிட் டெஸ்ட் பண்ணணும், முழு சார்ஜ்ல பண்ணிட்டு கையத் தட்டிக்கிட்டு போயிடக் கூடாது.

இன்னொரு பொறி இருக்கு, இதுல விழாதவன் கொறச்சல். ஒவ்வொரு சைக்கிளும் வெட்டுது, அப்புறம் என்ன பயம்னு நெனப்போம். ஆனா ஆன் ஆன உடனே வர்ற ஊசிய கண்டுக்காம இருக்க கண்ட்ரோலர் கொஞ்ச நேரம் கண்ண மூடிக்கும், அதோட வெட்டுறதுக்கு ஆகுற தாமதமும் சேத்து 300 நானோ செகண்ட்னு வைங்க. முழு ஷார்ட்ல அந்த 300 நானோ செகண்ட்ல 0.8 ஆம்ப்ஸ் ஏறிடும். எறங்குறதுக்கு? அவுட்புட் பூஜ்ஜியம், டையோடோட அர வோல்ட் மட்டும்தான் இருக்கு, மிச்ச 4.7 மைக்ரோ செகண்ட்ல சுமார் 0.24 ஆம்ப்ஸ்தான் எறங்கும். ஏறுறது 0.8, எறங்குறது 0.24. லிமிட் ஒழுங்கா வேல செஞ்சிக்கிட்டே இருக்கும், கரண்ட்டும் ஏறிக்கிட்டே இருக்கும், மாஸ்ஃபெட் போற வரைக்கும். அவுட்புட் வோல்டேஜ் விழுந்தா ஃப்ரீக்வென்சியயும் எறக்கணும், 40 கிலோ ஹெர்ட்ஸுக்கு எறக்கினா எறங்க 24.7 மைக்ரோ செகண்ட் கெடைக்கும், 1.2 ஆம்ப்ஸ் எறங்கும், அப்பாடா. இல்லன்னா கொஞ்ச நேரம் மொத்தமா நிறுத்தணும்.

நிறுத்துறதுன்னு வந்தாச்சா, இப்பதான் அந்த மூணாவது கேள்வி. லிமிட் வந்த பிறகு என்ன பண்றது?

லேட்ச் ஆஃப், அதாவது ஒரு தடவ மீறினா அணைஞ்சிடும், ஆள் போய் சுவிட்ச் போடணும். ரொம்ப பத்திரம். ஆனா நடுரோட்டுல, மழைல, பூசாரி மேல நிக்கிறப்ப யாரு ரதத்துக்கு அடில பூந்து சுவிட்ச் போடுறது. தள்ளுபடி.

ஃபோல்ட்பேக், வோல்டேஜ் எறங்க எறங்க கரண்ட்டயும் எறக்குறது. ஷார்ட்ல சூடே வராது, டையோடுக்கு சொகம். ஆனா வைப்பர் மோட்டர் நின்ன எடத்துலேர்ந்து கெளம்ப பல மடங்கு கரண்ட் கேக்கும், வோல்டேஜ் கொஞ்சம் சாஞ்சதும் இவன் கரண்ட்ட எறக்குவான், மோட்டர் கெளம்பாது, கெளம்பாததால வோல்டேஜ் ஏறாது, ரெண்டும் அப்படியே முட்டிக்கிட்டு நிக்கும். பெஞ்ச்ல போட்டுப் பாத்தேன், லைட் மங்கலா, மோட்டர் உறுமிக்கிட்டு, பத்து நிமிஷம் ஆனாலும் அப்படியேதான்.

சாதா ஹிக்கப், சில மில்லி செகண்ட் முயற்சி, அர செகண்ட் ஓய்வு, திரும்ப முயற்சி. கன்வெர்ட்டருக்கு நல்ல பாதுகாப்புதான். ஆனா மோட்டர் கெளம்ப அந்த சில மில்லி செகண்ட் பத்தாது, ரதம் பூரா லைட் டப் டப்னு சிமிட்டும். அக்கா சொல்லிச்சி, "அம்மன் கண்ணடிக்குதுடா"ன்னு.

நிலையான கரண்ட், 12 ஆம்ப்ஸ்ல பிடிச்சி வச்சிக்கிறது. மோட்டர் கெளம்புறப்ப லைட் ஒரு நொடி மங்கும், மோட்டர் சுத்த ஆரம்பிச்சதும் சரியாய்டும், ஜனங்களுக்கு தெரியக்கூட தெரியாது. கெட்டது என்னன்னா முழு ஷார்ட்லயும் 12 ஆம்ப்ஸ் குடுத்துக்கிட்டே இருப்பான், டையோடு சாதாரணமா பாதி நேரம்தான் வேல செய்யும், ஷார்ட்ல கிட்டத்தட்ட முழு நேரம், 6 வாட். அதவிட பயம் ஒயர். ஸ்ட்ரிப்புக்கு போற முடி மாதிரி ஒயர்ல 12 ஆம்ப்ஸ் நின்னு ஓடினா அது அடுப்புக் கம்பி, சுத்தி பூமாலை, ஜிகினா, பட்டுத் துணி. இது நிறைய பேர் மறக்குற விஷயம். லிமிட் காப்பாத்துறது கன்வெர்ட்டரத்தான், அதுக்குப் பின்னாடி இருக்குற பொடி ஒயர இல்ல.

அதனால ஒவ்வொரு வரிசைக்கும் காடில வர்ற 2 ஆம்ப்ஸ் பிளேடு ஃபியூஸ் தனித்தனியா, மோட்டருக்கு மட்டும் பெருசு. போட்டதும் இன்னொரு விஷயம் புரிஞ்சிச்சி. சாதா ஹிக்கப் வச்சிருந்தா அந்த ஃபியூஸ் போகவே போகாது, சில மில்லி செகண்ட்ல அது சூடாகுறதுக்குள்ள கன்வெர்ட்டர் ஓய்வுக்குப் போய்டுது, ஒரு வரிசைல ஷார்ட்டுக்காக எல்லா வரிசையும் ராத்திரி பூரா சிமிட்டும். ஃபோல்ட்பேக்லயும் அதே கதை, ஃபியூஸ எரிக்க கரண்ட் இருக்காது. நிலையான 12 ஆம்ப்ஸ்னா ஷார்ட்ல வோல்டேஜ் விழுந்து மத்த லைட்டெல்லாம் அணைஞ்சிடும், பன்னெண்டும் கெட்டுப்போன வரிசைக்கே பாயும், 2 ஆம்ப்ஸ் ஃபியூஸ் ஒரு செகண்டுக்குள்ள போய்டும், மத்த லைட் திரும்ப வந்துடும்.

ஆக நான் எடுத்த முடிவு ரெண்டும் கலந்தது: 12 ஆம்ப்ஸ் நிலையான கரண்ட் 2 செகண்ட் வரைக்கும், அதுக்குள்ள சரியாகலன்னா 5 செகண்ட் ஓய்வு, திரும்ப முயற்சி. மோட்டர் கெளம்ப 2 செகண்ட் தாராளம், ஃபியூஸுக்கும் தாராளம், டையோடுக்கு ஓய்வும் கெடைக்குது. உள்ள 15 ஆம்ப்ஸ் பீக் வெட்டு எப்பவும் காவல். இண்டக்டர் 20 ஆம்ப்ஸ் தாங்குற மாதிரி சுத்திட்டேன், 15ல வெட்டினாலும் தாமதத்துல 16 கிட்ட போகும்ல. மாஸ்ஃபெட்டே ஷார்ட் ஆனா எந்த லிமிட்டும் கேக்காதுங்குறத போன வருஷம் பாத்தாச்சு, அதனால பேட்டரி வாய்லயே ஒரு 15 ஆம்ப்ஸ் ஃபியூஸ், அவுட்புட்ல 15 வோல்ட் தாண்டினா எஸ்சிஆர்ங்குற சுவிட்ச் ஒண்ணு ஷார்ட் பண்ணி அந்த ஃபியூஸ எரிக்கிற மாதிரி க்ரோபார்.

போன வாரம் கோயில் கொட்டகைல எல்லாத்தயும் மாட்டி, மாமா முன்னாடியே ஒரு வரிசைய ஆணி வச்சி ஷார்ட் பண்ணேன். எல்லாம் ஒரு இமைப்பு மங்கிச்சி, ஒரு வரிசை மட்டும் செத்துச்சி, மத்தது எரிஞ்சிக்கிட்டே இருந்திச்சி. மாமா செத்த வரிசையப் பாத்துட்டு "இது ஏன்பா எரியல"ன்னாரு. ஃபியூஸ மாத்திக் காட்டிட்டு டப்பால மிச்சம் எத்தன இருக்குன்னு எண்ணினேன், ஆறுதான் இருந்திச்சி, பாசார் மாலாம்ல, அதான் ராத்திரி சந்தைல, காடி சாமான் விக்கிற தம்பிகிட்ட இன்னும் இருபது சொல்லி வச்சிருக்கேன்.